எட்டு ஃபிளாப்பிகளும் ஒரு பிட்டும்

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கும் எங்கள் கடையின் பழைய கணக்குகள், தந்தையார் காலத்துக் கணினியில், எம்எஸ்-டாஸ் 5.0 என்ற இயங்குதளத்தின் கீழ் டிபேஸ் என்ற தரவுத்தள நிரலிலேயே இன்னும் நடக்கின்றன. ஏறத்தாழ 11 மெகாபைட் தரவை மாலைதோறும் எட்டு ஃபிளாப்பிகளில் நகலெடுக்கிறோம். மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்க வழியுண்டு என்கிறார்கள், அதை நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் அந்த வழிக்கு அடிப்படையான ஒரு பிட் (0 அல்லது 1 ஆக இருக்கும் குறிப்பு) எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

டாஸ் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்பகத்தில் 32 பைட் அளவுள்ள ஒரு பதிவை வைத்திருக்கிறது. அதில் ஒரு பைட், கோப்பின் பண்புகளுக்கு உரியது. படிக்க மட்டும், மறைந்தது, கணினி அமைப்புக்குரியது ஆகிய பண்புகளோடு ‘ஆர்க்கைவ்’ என்ற பண்பும் அதில் ஒரு பிட்டாக இடம்பெறுகிறது. ஒரு கோப்பு புதிதாக உருவானாலும், அதில் ஏதேனும் எழுதப்பட்டாலும், டாஸ் இந்தப் பிட்டை 1 ஆக்கிவிடும். ஆனால் தானாக ஒருபோதும் 0 ஆக்காது. அதை நீக்குவது நகலெடுக்கும் நிரலின் வேலை. ஆகவே பிட் நீங்கியிருந்தால், யாரோ ஒருவர் அதை நீக்கினார் என்றுதான் பொருளே தவிர, நகல் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருளில்லை.

கோப்புகளை நகலெடுக்கும் ‘எக்ஸ்காப்பி’ கட்டளையில் இதற்கு இரண்டு குறிகள் (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் எழுத்துகள்) உள்ளன. ‘எம்’ குறி, பிட் உள்ள கோப்புகளை நகலெடுத்த கையோடு பிட்டை நீக்கிவிடும். ‘ஏ’ குறி நகலெடுக்கும், பிட்டைத் தொடாது. மாலைதோறும் ‘எம்’ குறியைப் பயன்படுத்தினால் நகல் மிகச் சிறியதாக இருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் வட்டு பழுதாகும் நாளில், முழு நகலோடு இடைப்பட்ட ஒவ்வொரு நாளின் ஃபிளாப்பியும் தேவைப்படும். அவற்றுள் ஒன்று கெட்டிருந்தாலும், அன்றைக்கு மட்டும் மாறிய கோப்புகள் போய்விடும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளிலும் நனையும் நம் மாவட்டத்தில் ஃபிளாப்பியில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்தவன் என்ற முறையில், அத்தகைய சங்கிலியை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் யோசனை இது. வாரம் ஒருமுறை, கோப்பின் பண்புகளை மாற்றும் ‘அட்ரிப்’ கட்டளையால் தரவுக் கோப்பகத்தின் எல்லாக் கோப்புகளுக்கும் ஆர்க்கைவ் பிட்டை இட்டு, பிறகு ‘எஸ்’ (உட்கோப்பகங்களையும் சேர்க்கும் குறி), ‘எம்’ குறிகளோடு எக்ஸ்காப்பியை இயக்குங்கள். ஃபிளாப்பி நிரம்பியதும் கட்டளை நின்றுவிடும். அடுத்ததைச் செருகி அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால், ஏற்கெனவே போன கோப்புகளின் பிட் நீங்கியிருப்பதால், விட்ட இடத்திலிருந்தே தொடரும். மற்ற நாள்களில் ‘எம்’ குறிக்குப் பதிலாக ‘ஏ’ குறியைப் பயன்படுத்துங்கள். அப்போது முழு நகலுக்குப் பின் மாறியவை அனைத்தும் ஒவ்வொரு மாலையும் சேர்ந்து வரும். மீட்கும்போது முழு நகலும் கடைசி நாளின் ஃபிளாப்பியுமே போதும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனி ஃபிளாப்பி வைத்துக்கொள்வது நல்லது. ‘ஏ’ குறி பிட்டை நீக்காததால், ஒரு ஃபிளாப்பியில் அடங்காவிட்டால் மீண்டும் இயக்கினாலும் முதலிலிருந்தே தொடங்கும். அந்த நிலை வந்தால் முழு நகலை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

டிபேஸ் கணக்குகளில் ஒரு தொல்லை உண்டு. பேரேட்டில் ஒரே ஒரு வரவைச் சேர்த்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் ‘மாறியது’ ஆகிவிடும். அதனோடு, பதிவுகளைத் தேட உதவும் அட்டவணைக் (இண்டெக்ஸ்) கோப்புகளும் மாறும். அட்டவணைகளைத் தரவிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதால், அவற்றைத் தினமும் எடுக்கத் தேவையில்லை. டாஸ் 5.0-இன் எக்ஸ்காப்பியில் சில கோப்புகளை விலக்கும் குறி இல்லை. எனவே நகலெடுக்கும் முன் அட்ரிப் கட்டளையால் அட்டவணைக் கோப்புகளின் பிட்டை மட்டும் நீக்கிவிட்டால், அவை தாமாகவே விடுபடும்.

ஒரு கோப்பே 1.44 மெகாபைட்டைத் தாண்டினால் எக்ஸ்காப்பி உதவாது. கோப்பைப் பல வட்டுகளில் பிரித்தெழுதும் ‘பேக்கப்’ கட்டளைதான் வழி. அதுவும் இதே பிட்டை நீக்கும் என்பதால், ஒரே கோப்பகத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். மேலும், பேக்கப்பை அதற்குரிய ‘ஏ’ குறி தராமல் இயக்கினால், ஃபிளாப்பியில் முன்பிருந்ததை அது அழித்துவிட்டுத்தான் எழுதும். ஒரே எழுத்துக்கு இரு கட்டளைகளில் இரு பொருள் வைத்தவர்களை என்ன சொல்வது!

அழிக்கப்பட்ட கோப்பைப் பற்றி இந்தப் பிட் எதுவும் சொல்லாது. மாத முடிவில் நிரல் பழைய சீட்டுக் கோப்புகளை நீக்கினால், மீட்கும்போது அவை மீண்டும் வந்து நிற்கும்; எனவே மாதக் கணக்கை முடித்த அன்றே முழு நகல் எடுப்பது அவசியம். மீட்டெடுத்த கோப்புகள் அனைத்தும் புதிதாக எழுதப்பட்டவை என்பதால் எல்லாவற்றிலும் பிட் ஏறியிருக்கும். ஆகையால் மீட்பு முடிந்த அன்று மாலை ‘ஏ’ குறியோடு தொடங்காமல், மீண்டும் அந்த எட்டு ஃபிளாப்பிகளை எடுத்து வையுங்கள்.