வக்கீலைக் கேளுங்கள்: தென்காசி அளவு ஜனம், தனியாக ஒரு நாடு

(பதில் எழுதுபவர் செங்கோட்டையில் நோட்டரி வக்கீலாக இருக்கிறார். வட ஐரோப்பாவில் உள்ள எஸ்டோனியாவுக்கு வேலைக்குப் போன ஒரு பையனைப் பற்றிப் போன இதழில் அவர் இரண்டு வரி எழுதப்போக, அந்த நாட்டைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. அதனால் இந்த இதழில் முழுக்க அதுதான்.)

கே: வக்கீல் சார், என் தம்பிக்கு எஸ்டோனியாவில் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. நாட்டின் பெயரைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. "லண்டன், அமெரிக்கா என்றால் நம்ம ஆள் யாராவது இருப்பான். இங்கே ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனால் யாரைப் போய்ப் பார்ப்பது?" என்கிறார். என்ன சொல்லட்டும்?
– வாசகி, தென்காசி

ப: அந்தப் பல்கலைக்கழகம் 1632-ல் தொடங்கியது, மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்ட காலம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பாதிக் கவலை அதிலேயே போய்விடும்.

மீதிக்கு வருவோம். எஸ்டோனியாவின் ஜனத்தொகை 13 லட்சத்துச் சொச்சம். 2011 கணக்கெடுப்புப்படி நம் தென்காசி மாவட்டத்து ஜனமே ஏறத்தாழ 14 லட்சம். பரப்பளவோ 45,000 சதுர கிலோமீட்டர், கேரளாவைவிடப் பெரிது. அதில் பாதி காடு. கூட்டம் இருக்காது, குளிர் இருக்கும்.

தலைநகர் டாலினில் 2021-ல் இந்தியத் தூதரகம் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பக்கத்து நாடான பின்லாந்தின் ஹெல்சின்கியில் இருக்கும் நம் தூதரகம்தான் எஸ்டோனியாவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது. பாஸ்போர்ட் புதுப்பிக்கக்கூட இரண்டு மணி நேரம் கப்பலேறிக் கடல் தாண்ட வேண்டிய நிலை. இப்போது அந்தத் தொல்லை இல்லை. போய்ச் சேர்ந்ததும் தூதரகத்தில் தன் விவரத்தைப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், பவர் பத்திரத்தில் கையெழுத்துச் சான்று, குழந்தை பிறந்தால் பதிவு, ஆபத்து என்றால் வீட்டுக்குத் தகவல், இதெல்லாம் அவர்கள் வேலை. ஃபீஸ் கட்டுவதும், வீட்டுக்காரனிடம் அட்வான்ஸ் வாங்கித் தருவதும் அவர்கள் வேலை இல்லை. தங்கும் அனுமதி அட்டை விஷயமாக அந்த நாட்டுக் காவல், எல்லைக் காவல் வாரியத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டு அலுவலகத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பையன் பிழைத்துக்கொள்வான்.

கே: அண்ணாச்சி, எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் எஸ்டோனியாவின் 'இ-ரெசிடென்சி' கார்டு வாங்கித் தருகிறேன், அதை வைத்து ஐரோப்பா முழுக்க இருக்கலாம் என்று லட்சங்களில் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கடையநல்லூர்

ப: கொடுக்க வேண்டாம் பாய். 2014 டிசம்பரில் அந்த நாடு ஆரம்பித்த திட்டம் அது. உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் அங்கே ஒரு கம்பெனி பதிந்து, ஆன்லைனில் கையெழுத்துப் போட்டு நடத்தலாம். அவ்வளவுதான். விசா கிடையாது, குடியிருக்கும் உரிமை கிடையாது, குடியுரிமை கிடையவே கிடையாது. அட்டையில் உங்கள் போட்டோகூட இருக்காது. அதைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நீட்டிப் பாருங்கள், திருப்பிக் கையில் கொடுத்து "சேட்டா, பாஸ்போர்ட்?" என்பார்கள். மென்பொருள் வேலை செய்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு பில் போடுகிறவர் என்றால் அட்டையால் பயன் உண்டு. அவரும் அரசுத் தளத்தில் நேராக விண்ணப்பிக்கலாம், நடுவில் ஏஜென்டுக்கு வேலையே இல்லை.

கே: 2013-ல் தூத்துக்குடியில் பிடிபட்ட ஆயுதக் கப்பலில் எஸ்டோனியாக்காரர்கள் இருந்தார்கள். எங்கள் ஊர் ஜெயிலில் கிடந்தார்கள். விடுதலையாக நான்கு வருஷம் ஆனது. அவர்கள் தூதரகம் என்னதான் செய்தது? பெரிய நாடாக இருந்தால் இரண்டு நாளில் கூட்டிப்போயிருக்க மாட்டார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

ப: நல்ல கேள்வி சார். அந்த வருஷங்களில் திருநெல்வேலி கோர்ட் வாசல் டீக்கடையில் வக்கீல்கள் பேச்சே அந்தக் கேஸ்தான்.

கப்பலின் பெயர் 'சீமேன் கார்டு ஓஹையோ'. கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கும் காவலாட்களை ஏற்றிச் செல்வது. முதலாளி அமெரிக்க நிறுவனம், பறந்தது சியரா லியோன் கொடி. 2013 அக்டோபரில் கடலோரக் காவல் படை மறித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. உள்ளே 35 பேர். அதில் 14 பேர் எஸ்டோனியர், 6 பேர் பிரிட்டிஷார், மூன்று பேர் உக்ரைன், மீதிப் பேர் நம் நாட்டவர். அனுமதியில்லாத ஆயுதங்களோடு நம் கடல் எல்லைக்குள் வந்தார்கள் என்று வழக்கு. 2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுதக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. 2015-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ரத்தை ரத்து செய்து, விசாரணை நடக்கட்டும் என்றது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி கோர்ட் ஐந்து வருஷம் போட்டது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுதலை செய்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். அந்த ஆறு பிரிட்டிஷாரைப் பாருங்கள். அணுகுண்டும் பாதுகாப்புச் சபையில் வீட்டோவும் வைத்திருக்கும் நாட்டின் பிரஜைகள். அவர்களுக்கும் அதே ஐந்து வருஷம், அதே தீர்ப்பில்தான் விடுதலை. லண்டனில் குடும்பத்தார் மனு எழுதினார்கள், பார்லிமென்டில் பேசினார்கள். ஒரு நாள்கூட முன்னால் வெளியே வரவில்லை. ஆக, நாட்டின் அளவுக்கும் ஜெயில் கதவுக்கும் சம்பந்தமில்லை.

கான்சல், அதாவது வெளிநாட்டில் தன் நாட்டவரைக் கவனிக்கும் தூதரக அதிகாரி, ஜாமீன்தாரர் அல்ல. 1963-ம் வருஷத்து வியன்னா உடன்படிக்கையின் 36-ம் பிரிவு அவருக்குக் கொடுப்பது இதுதான்: தன் நாட்டவர் கைதானால், அந்த ஆள் கேட்டுக்கொண்டால், தாமதமில்லாமல் தகவல் வரவேண்டும். ஜெயிலில் போய்ப் பார்க்கலாம், பேசலாம், கடிதம் போடலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். அதே உடன்படிக்கையின் 55-ம் பிரிவு, இருக்கும் நாட்டின் சட்டத்தை மதி, உள்விவகாரத்தில் தலையிடாதே என்கிறது. ஒரு கையில் கொடுத்து மறு கையால் கட்டிப்போட்ட மாதிரிதான்.

அந்த எல்லைக்குள் எஸ்டோனியா செய்தது கொஞ்சநஞ்சமல்ல. தில்லியில் அவர்கள் தூதரகமே அந்த 2013-ல் திறந்ததுதான். விரல் விட்டு எண்ணும் ஆட்கள். திறந்த சூட்டோடு, நாட்டின் மறுகோடியில், தமிழ் மட்டும் பேசும் ஜெயிலில் 14 பேர். தூதரக ஆட்கள் வந்து பார்த்தார்கள், மாறி மாறி வந்த வெளியுறவு அமைச்சர்கள் நம் அமைச்சர்களிடம் விடாமல் எடுத்துப் பேசினார்கள். 13 லட்சம் பேர் உள்ள நாட்டில் 14 பேர் அயல்நாட்டு ஜெயிலில் என்றால் அது தெருவுக்குத் தெரு பேசுகிற செய்தி. அமைச்சர் மறக்க நினைத்தாலும் விடமாட்டார்கள். பெரிய நாட்டில் ஆறு பேர் ஃபைலுக்குள் காணாமல் போவது சுலபம்.

இந்த 36-ம் பிரிவை லேசாக நினைக்காதீர்கள் சார். பாகிஸ்தான் சிறையில் வைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா பாகிஸ்தானை ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்ததே இதை வைத்துத்தான். நம் தூதரக அதிகாரியைப் பார்க்க விடவில்லை என்பது புகார். 2019 ஜூலையில் தீர்ப்பு நம் பக்கம் வந்தது.

கே: இத்தனூண்டு நாட்டுக்கு வெளியுறவுக் கொள்கை என்று ஒன்று எதற்கு? பக்கத்தில் இருக்கும் பெரிய நாடு சொன்னபடி கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?
– கல்லூரி மாணவர், புனலூர்

ப: கேட்டுப் பார்த்தார்கள் தம்பி. 1939-ல் சோவியத் ரஷ்யா படைத்தளம் கேட்டது, கொடுத்தார்கள். 1940-ல் நாட்டையே விழுங்கிவிட்டது. வெளியே வர 1991 ஆகஸ்ட் 20 வரை ஆனது. அந்த அனுபவத்தில் இருந்து வந்ததுதான் இன்றைய அவர்கள் கொள்கை முழுக்க.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. விழுங்கப்பட்ட அந்த அரை நூற்றாண்டும் நியூயார்க்கில் எஸ்டோனியாவின் கான்சலேட் மட்டும் மூடவே இல்லை. சோவியத் சேர்த்துக்கொண்டதை அங்கீகரிக்க மாட்டோம் என்று 1940 ஜூலையிலேயே அமெரிக்கா சொல்லிவிட்டது. அதனால் பழைய நாட்டின் கான்சல் அதே நாற்காலியில் இருந்தார். எர்ன்ஸ்ட் யாக்சன் என்பவர் 1965-ல் கான்சல் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். வரைபடத்தில் இல்லாத நாட்டின் பெயரில் பாஸ்போர்ட் எழுதிக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். நாடு திரும்ப வந்ததும் அவரையே அமெரிக்காவுக்கும் ஐ.நா.வுக்கும் தூதராக்கினார்கள். நோட்டரி முத்திரை வைத்துப் பிழைக்கிறவன் நான். ஒரு முத்திரைக்கு இதைவிடப் பெரிய மரியாதை நான் கேள்விப்பட்டதில்லை.

அதனால்தான் அவர்கள் 1991-ல் சுதந்திரம் 'கிடைத்தது' என்பதில்லை, 'மீண்டது' என்பார்கள். சட்டத்தில் இது பெரிய வித்தியாசம். 1940-க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் தானாகவே குடிமக்கள். சோவியத் காலத்தில் வந்து குடியேறியவர்கள் மொழித் தேர்வு எழுதித்தான் சேரவேண்டும். சேராதவர்களில் பலருக்கு இன்றும் சாம்பல் நிற அயலார் பாஸ்போர்ட்தான். இது சரியா என்றால், மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது கொடுமைதான் என்பேன். 1956 நவம்பர் 1-ம் தேதி எங்கள் செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தது. பத்திரம் மலையாளத்தில், ஆள் தமிழ்நாட்டில் என்ற கூத்தெல்லாம் நடந்தது. ஆனால் யாரும் யாருக்கும் அயலாராகிவிடவில்லை.

இந்தியா விஷயத்திலும் இந்தக் கணக்கு உண்டு. 1921 செப்டம்பரில் எஸ்டோனியா, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் சேர்ந்தபோது, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் அதில் உறுப்பினர் என்ற வகையில் அதை அங்கீகரித்தது. 1991 செப்டம்பர் 9-ல் மறுபடி அங்கீகாரம்.

அப்புறம் 2004-ல் நேட்டோ ராணுவக் கூட்டணி, அதே வருஷம் ஐரோப்பிய ஒன்றியம். தனியாக நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் கூட்டாளி தேடுவது இயல்புதானே. 2007-ல் டாலினில் ஒரு சோவியத் காலப் போர்வீரர் சிலையை இடம் மாற்றியபோது கலவரம், கூடவே வங்கி, பத்திரிகை, அரசுத் தளங்கள் மேல் இணையத் தாக்குதல். அதிலிருந்து பாடம் படித்து, அரசு ஆவணங்களின் நகலை லக்சம்பர்கில் ஒரு 'தரவுத் தூதரகத்தில்' வைக்க 2017-ல் ஒப்பந்தம் போட்டார்கள். தூதரகக் கட்டடத்துக்கு உள்ள பாதுகாப்பு அந்த சர்வர்களுக்கும் உண்டு. நாளை யாராவது நாட்டைப் பிடித்தாலும் பட்டாவும் பிறப்புச் சான்றும் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும். 2020–21-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் முதல் முறையாக உட்கார்ந்தார்கள். 2021-ல் கூடவே நம் நாடும் இருந்தது.

கூட்டாளி இருப்பதன் லாபம் சாதாரண ஆளுக்கும் உண்டு. 2011 மார்ச்சில் லெபனானில் சைக்கிளில் ஊர் சுற்றப் போன ஏழு எஸ்டோனியரைக் கடத்திவிட்டார்கள். ஜூலையில் விடுதலையானதும் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பெய்ரூட்டில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில். தன் நாட்டுக்குத் தூதரகம் இல்லாத ஊரில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் எந்த உறுப்பு நாட்டுத் தூதரகத்திலும் உதவி கேட்கலாம், அது அவன் உரிமை.

கே: மருமகன் டாலினில் வேலை பார்க்கிறார். மகளை அழைத்துக்கொள்ளப் போகிறார். அவள் நர்ஸிங் படித்தது கொல்லத்தில், பிளஸ் டூ செங்கோட்டையில், கல்யாணம் இலஞ்சி குமாரர் கோயிலில், பதிந்தது தென்காசியில். எந்தச் சான்றிதழை எங்கே கொண்டுபோவது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, ஆரியங்காவு

ப: அம்மா, எல்லையோரத்துக்காரர்களுக்கு என்றே அமைந்த தலைவலி இது. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, சான்றிதழை எந்த மாநிலம் கொடுத்தது என்பதே கணக்கு. நர்ஸிங் பட்டம் கேரளாவில் சரிபார்க்க வேண்டும், திருவனந்தபுரத்தில் வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான அரசுத் துறையான நோர்க்காவின் அலுவலகம் அந்த வேலையைச் செய்கிறது. பிளஸ் டூவும் கல்யாணச் சான்றும் தமிழ்நாட்டு அதிகாரிகளிடம். அதற்கப்புறம் மூன்றுக்கும் மத்திய வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில், அதாவது காகிதம் அசல்தான் என்று வெளிநாடுகள் ஏற்கும் சான்று முத்திரை. இந்தியா 2005-ல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தது, எஸ்டோனியாவும் அதில் உண்டு. எனவே எஸ்டோனியத் தூதரகத்தின் முத்திரை தனியாக வேண்டாம். துபாய்க்குப் போய்ப் பழகியவர்கள் தூதரக முத்திரையும் வேண்டும் என்று பயமுறுத்துவார்கள், அந்த நாட்டு வழக்கம் வேறு.

என் மேஜைக்கு வரும் காகிதங்களில் பாதி இரண்டே காரணத்தால் திரும்புகிறது. ஒன்று, லாமினேஷன். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக்குக்குள் போட்டுவிடுகிறார்கள். அப்போஸ்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் முத்திரை வைப்பதும் காகிதத்தின் மேல்தான். பிரிக்கப் போனால் மையும் கூடவே வந்துவிடும். இரண்டாவது, இனிஷியல். பட்டத்தில் பெயருக்குப் பின்னால் 'எம்', பிளஸ் டூவில் முன்னால் 'எம்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நமக்கு மூன்றும் ஒரே பெண். ஐரோப்பிய அதிகாரிக்கு மூன்று பெண்கள். மூன்றையும் எழுதி, ஒரே ஆள்தான் என்று ஒரு அபிடவிட் போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள்.

கே: அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால்?
– வாசகர், புளியரை

ப: முதலில் உள்ளூர் போலீஸில் எழுதிக் கொடுத்து ரசீது. அப்புறம் டாலின் இந்தியத் தூதரகம். வேலை, படிப்பு என்று அங்கேயே இருப்பவர் புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். உடனே ஊருக்கு வரவேண்டும் என்றால் அவசரச் சான்று கொடுப்பார்கள், அது இந்தியாவுக்குத் திரும்ப மட்டும். அதை வைத்துக்கொண்டு போகிற வழியில் பாரிஸையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். தூதரகத்தில் மனு கிடப்பிலேயே கிடந்தால் வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் புகார் போடலாம். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா பக்கம் மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவர் போனில் வைத்திருங்கள்.