படகோடு லைசன்ஸும் வருமா? கால்வாய்க் கட்டணம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் லண்டன் அல்பர்ட்டனில் இருக்கிறோம். வாடகை கட்டிக் கட்டிக் களைத்துவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கிராண்ட் யூனியன் கால்வாயில் 57 அடி நேரோபோட் (ஒடுங்கிய கால்வாய்ப் படகு) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "லைசன்ஸ் இன்னும் எட்டு மாதம் ஓடும், அதற்கும் சேர்த்துத்தான் இந்த விலை" என்கிறார் விற்பவர். படகுக்கு மூரிங், அதாவது கட்டி நிறுத்த நிலையான இடம், கிடையாது. வாங்கலாமா?

பதில்: லைசன்ஸுக்கு என்று ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். அது படகோடு கைமாறாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் இந்த லைசன்ஸை உரிமையாளரின் பெயருக்குத்தான் தருகிறது. படகை விற்றதும் அவர் மிச்சமிருக்கும் முழு மாதங்களுக்கான காசை டிரஸ்டிடம் திரும்பக் கேட்கலாம். ஆக, உங்களிடம் ஒரு தடவை, டிரஸ்டிடம் இன்னொரு தடவை. தெரிந்துதான் கேட்கிறாரோ, தெரியாமல் கேட்கிறாரோ, விலையில் அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் புதிதாகத்தான் லைசன்ஸ் எடுக்க வேண்டும். அதற்குக் காப்புறுதி வேண்டும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே கேளுங்கள். அடுத்த மாதம் முடிகிறதென்றால் எரிவாயுக் குழாயும் வயரிங்கும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடித்தகட்டின் தடிப்பை அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். மேலே பூசிய புதுப் பெயின்ட் கீழே உள்ள துருவைச் சொல்லாது.

மூரிங் இல்லை என்பதுதான் பெரிய விஷயம். 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி, நிலையான மூரிங் இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. நியாயமான காரணம் இருந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம். இரண்டு பாலங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் போய்வந்து கணக்குக் காட்ட முடியாது. லைசன்ஸ் காலம் முழுக்க 15, 20 மைல் தூரத்துக்குள்ளேயே சுற்றினால் அது போதாது என்பது டிரஸ்டின் நிலைப்பாடு. அப்படிப்பட்டவர்களுக்கு அடுத்த தடவை ஆறு மாத லைசன்ஸ்தான் கிடைக்கும். பிள்ளை அல்பர்ட்டனில் பள்ளிக்கூடம் போகிறதென்றால் இதை இப்போதே உட்கார்ந்து யோசியுங்கள். அல்பர்ட்டன் வழியாகப் போகும் பாடிங்டன் கிளையில் லாக் (தண்ணீர் மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) ஒன்றுகூட இல்லை, புதியவர்கள் ஓட்டிப் பழகச் சுகம். ஆனால் அந்தச் சுகம் தெரிந்த எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

கேள்வி: என் தம்பி ஆறு வருடமாகப் படகில் வசிக்கிறான், மூரிங் இல்லை. அவனிடம் மட்டும் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். "வீடில்லாதவனிடம் வீட்டு வரி கேட்பது மாதிரி" என்கிறான். இது நியாயமா? கட்டணத்தை எப்படித்தான் தீர்மானிக்கிறார்கள்?

பதில்: முதலில் பழைய கதை கொஞ்சம். சரக்குப் படகுகள் ஓடிய காலத்தில் ஆண்டு லைசன்ஸ் எல்லாம் கிடையாது. எத்தனை டன், எத்தனை மைல் என்று பார்த்துச் சுங்கம். சுங்க எழுத்தர் ஓர் அளவுகோலைப் படகின் ஓரத்தில் இறக்கி, தண்ணீருக்கு மேலே எத்தனை அங்குலம் காய்ந்து நிற்கிறது என்று பல இடங்களில் அளப்பார். அந்தப் படகுக்கென்று இருக்கும் அட்டவணையைப் பார்த்தால் உள்ளே எத்தனை டன் என்று தெரிந்துவிடும். நிலக்கரிக்கு ஒரு விலை, சுண்ணாம்புக்கு ஒரு விலை. கால்வாயிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறாயோ அவ்வளவு கொடு என்ற கணக்கு.

இப்போது படகின் நீளத்தையும் அகலத்தையும் பார்த்துக் கட்டணம் வருகிறது. 1962ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் தந்த அதிகாரத்தில் தொகையை டிரஸ்டே தீர்மானிக்கிறது. தண்ணீர், மின்சாரக் கம்பனிகளின் விலைக்கு மேலே ஒரு கட்டுப்பாட்டு ஆணையம் இருக்கிறதே, அப்படி ஒன்று இங்கே கிடையாது. 2024 ஏப்ரலிலிருந்து மூரிங் இல்லாதவர்களுக்கு 5 விழுக்காடு கூடுதல். ஆண்டுக்கு ஐந்து ஐந்தாக ஏறி 2028இல் 25 விழுக்காடாக நிற்கும். 2.16 மீட்டருக்கு மேல் அகலமான படகுகளுக்குத் தனியாக இன்னொரு கூடுதல்.

அகலத்துக்கு வாங்குவதை நான் ஒப்புக்கொள்கிறேன். 57 அடி நேரோபோட்டின் அகலம் ஏழு அடிக்குச் சற்றுக் குறைவு. அதே நீளத்தில் வைட்பீம் என்ற 12 அடி அகலப் படகு ஒன்றேமுக்கால் மடங்கு தண்ணீர்ப்பரப்பைப் பிடிக்கிறது. அது மட்டுமல்ல. கிராண்ட் யூனியனின் பெரிய லாக்குகள் 14 அடி அகலம், இரண்டு நேரோபோட் தோளோடு தோளாக உள்ளே போய்விடும். கதவு ஒருமுறை திறந்தால் இரண்டு படகு இறங்கும். வைட்பீம் உள்ளே போனால் அதே தண்ணீரில் ஒரு படகுதான். "மிட்லண்ட்ஸ் பக்கம் ஏழடி லாக்குகளுக்குள் எங்களால் நுழையவே முடியாதே, அதற்குத் தள்ளுபடி எங்கே?" என்று வைட்பீம்காரர்கள் கேட்பார்கள். சின்னப் படகு வாங்கியிருக்கலாமே என்றுதான் என் வாயில் வருகிறது.

தம்பியின் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. டிரஸ்ட் தரப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. மரீனா என்ற படகுத்துறையில் நிறுத்துகிறவர் மரீனாவுக்குக் காசு கட்டுகிறார். கால்வாயோடு இணைந்திருக்கும் மரீனாக்கள் பெரும்பாலும் தங்கள் மூரிங் இடங்களின் ஆண்டு மதிப்பில் 9 விழுக்காட்டை டிரஸ்டுக்குக் கொடுக்கின்றன. ஆக அவர் லைசன்ஸுக்கு ஒன்று, மூரிங் வழியாக மறைமுகமாக இன்னொன்று என்று இரண்டு தடவை கட்டுகிறார். உங்கள் தம்பியோ கரையோரத் தண்ணீர்க் குழாயையும் குப்பைத் தொட்டியையும் கழிவு கொட்டும் இடத்தையும் மாரி கோடை பாராமல் ஆண்டு முழுக்கப் பயன்படுத்துகிறார். இதுவரை சரி.

எனக்கு உறுத்துவது வேறு. யார்க்ஷயரில் ஆள் அரவமற்ற ஒரு வளைவில் நிற்பவருக்கும், லண்டன் விக்டோரியா பார்க் ஓரத்தில் இரண்டு வரிசையாக ஒட்டி நிற்பவருக்கும் ஒரே விழுக்காடுதான். நெரிசல் ஓரிடத்தில், அபராதம் நாடு முழுக்க. லண்டனில் முன்பதிவு செய்து இரவுக்கு இவ்வளவு என்று கட்டும் மூரிங்குகள் ஏற்கெனவே உண்டு, அந்த வழியிலேயே நெரிசலுக்கு விலை வைத்திருக்கலாம். 2023இல் படகுக்காரர்களிடம் கருத்துக் கேட்டார்கள், மூரிங் இல்லாதவர்கள் கூடுதலாகக் கட்டட்டும் என்று பெரும்பான்மை சொன்னது. மூரிங் உள்ளவர்கள்தானே எண்ணிக்கையில் அதிகம்! அடுத்த மேசைக்காரனிடம் பில்லைக் கொடுக்கலாமா என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்?

கூடுதலாக வாங்கினால், வாங்கிய காசைத் தனிக் கணக்கில் காட்டி, அதில் எத்தனை தண்ணீர்க் குழாய் புதிதாகப் போட்டார்கள், எந்தக் கழிவு நிலையத்தைத் திரும்பத் திறந்தார்கள் என்று ஆண்டுதோறும் சொல்ல வேண்டும். இப்போது அது பொதுப் பெட்டியில் விழுந்து கரைகிறது. தம்பியைக் கட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லைசன்ஸ் இல்லாத படகை 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் தூக்கிக்கொண்டு போகலாம், அதில் அவர் வசிக்கிறார்.

கேள்வி: ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டுகிறேன். கோடையில் தண்ணீர் இல்லை என்று கால்வாயை மூடிவிட்டார்கள். கழித்துத் தருவார்களா? இந்தக் காசெல்லாம் எங்கேதான் போகிறது?

பதில்: கழித்துத் தர மாட்டார்கள். லைசன்ஸ் என்பது படகைத் தண்ணீரில் வைத்திருக்க அனுமதி. எல்லா லாக்கும் எல்லா நாளும் திறந்திருக்கும் என்ற உறுதிமொழி அதில் இல்லை. 2025 கோடையில் லீட்ஸ் அண்ட் லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதிகள் மூடிக் கிடந்தபோதும் இதே கேள்வி எழுந்தது, இதே பதில்தான்.

காசு எங்கே போகிறது என்பதை ஒரு கதவில் பார்க்கலாம். போன சித்திரையில் நண்பரின் படகில் போனபோது ஒரு லாக்கில் அரைமணி நேரம் நின்றோம். மேல் மதகைத் திறந்தால் தண்ணீர் ஏறுகிறது, கீழ்க் கதவின் இடுக்கால் விசிறி விசிறிப் பாய்ந்து போய்விடுகிறது. மட்டம் ஏறவே மாட்டேன் என்கிறது. கடைசி இரண்டு அங்குலத்துக்கு நாலு பேர் கதவின் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அந்தக் கதவு ஓக் மரம். ஒரு கதவின் ஆயுள் சுமார் 25 ஆண்டு. டிரஸ்டிடம் 1,500க்கும் மேற்பட்ட லாக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு கதவையும் அந்த லாக்கின் அளவுக்குத் தனியாகச் செய்ய வேண்டும், கடையில் வாங்க முடியாது.

கதவாவது கண்ணுக்குத் தெரிகிறது. பெரிய செலவு மலைப்பக்கம் கிடக்கிறது. 2019 ஆகஸ்டில் டார்பிஷயரின் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே உள்ள டாட்புரூக் நீர்த்தேக்கத்தில் வெள்ள வழிந்தோடியின் ஒரு பகுதி இடிந்து, ஊரில் சுமார் 1,500 பேரை வெளியேற்றினார்கள். விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் கல்மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியது. பீக் ஃபாரஸ்ட் கால்வாய்க்குத் தண்ணீர் தர 19ஆம் நூற்றாண்டில் கட்டிய அணை அது. அப்படி எழுபதுக்கும் மேற்பட்ட நீர்த்தேக்கங்கள் டிரஸ்டின் பொறுப்பில். அவற்றைச் சரிபார்க்கும் காசு போனால் லாக்கின் கதவு காத்திருக்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் படகுக்காரர்கள் தலையில் கட்டலாமா? சுமார் 35,000 படகுகள் தரும் லைசன்ஸ் பணம் டிரஸ்டின் வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மற்றது சொத்து முதலீடு, அரசு மானியம், கரையோரம் புதைத்த கேபிள்கள், தண்ணீர் விற்பனை என்று வருகிறது. பிரிஸ்டல் நகரம் குடிக்கும் தண்ணீரில் பாதியளவு ஒரு கால்வாய் வழியாகத்தான் போகிறது, தெரியுமா? இதில் அரசு மானியம் 2027க்குப் பிறகு பத்தாண்டுக்கு 401 மில்லியன் பவுண்டு என்று 2023இல் அறிவித்தார்கள். ஆண்டுக்கு 5 விழுக்காடு குறைந்துகொண்டே போகும். லைசன்ஸை இரட்டிப்பாக்கினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது, பாதிப் படகுகள் விற்பனைக்கு வந்துவிடும். படகில்லாத கால்வாயில் லாக் கதவை யார் திறந்து மூடுவது? கரையில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் வெள்ளத்துக்குத் தப்பும் ஊர்களும் படகுக்காரர்களைவிட எத்தனையோ மடங்கு. அவர்கள் பங்கு வரிப்பணத்திலிருந்துதான் வர முடியும்.

அதற்காக டிரஸ்டைத் தூக்கி வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. 2018இல் சின்னத்தை மாற்றி நீலப் பலகைகளைக் கரையெல்லாம் நட்டபோது படகுக்காரர்கள் திட்டியதில் அர்த்தம் இருந்தது. தண்ணீர்க் குழாய் உடைந்து கிடக்கும் இடத்தில் புதுப் பலகை மின்னினால் யாருக்கும் வயிறு எரியும். கழிவு நிலையம் வேலை செய்யாதது மாதிரியான குறைகளுக்கு முதலில் டிரஸ்டிடம் எழுத்தில் முறையிடுங்கள். தேதியும் படமும் இருக்கட்டும். டிரஸ்டின் முறையீட்டில் இரண்டு கட்டம், அவை முடிந்தபிறகு வாட்டர்வேஸ் ஒம்புட்ஸ்மன் என்ற முறைகேள் அதிகாரியிடம் போகலாம். அவர் நிர்வாகக் கோளாறைப் பார்ப்பார். கட்டணம் கூடிப்போச்சு என்று மட்டும் எழுதினால் பயனில்லை.

கேள்வி: ஒரு லைசன்ஸ் எல்லா நீர்வழிக்கும் போதுமா?

பதில்: போதாது. தேம்ஸ் ஆற்றின் பெரும்பகுதி சுற்றுச்சூழல் முகமையிடம் இருக்கிறது, அதற்குத் தனி. இரண்டுக்கும் சேர்த்து கோல்ட் லைசன்ஸ் உண்டு. மான்செஸ்டர் பக்கம் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் தனியார் சொத்து. 2025 புத்தாண்டு நாளில் அதன் கரை உடைந்து தண்ணீர் வயலுக்குள் பாய்ந்ததே, அது டிரஸ்டின் கணக்கில் வராது. ஆறுகளில் மட்டும் ஓட்டுவதென்றால் டிரஸ்டின் ஆற்று லைசன்ஸ் முழுக் கட்டணத்தில் 60 விழுக்காடுதான்.

கேள்வி: மகன் காற்றடைத்த கயாக் ஒன்று வாங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கால்வாயில் விட்டுப் பார்க்கலாம் என்கிறான். அதற்குமா லைசன்ஸ்?

பதில்: அதற்கும்தான். முன்பு பிரிட்டிஷ் கனூயிங் என்று இருந்த பேடில் யூகே அமைப்பில் அவனைச் சேர்த்துவிடுங்கள், டிரஸ்டின் கால்வாய்களுக்கான லைசன்ஸ் அந்தச் சந்தாவிலேயே அடங்கும். உயிர்காப்பு அங்கி தனியாக வாங்க வேண்டும். லாக்குக்குள் விட வேண்டாம், கரையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள்.