வைத்தியர் சொல்ல, கணினி எழுத: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் சிறிய தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்துகிறேன். நோயாளர் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிய பின்னர், நோயாளியின் முகத்தைப் பார்க்கும் நேரம் குறைந்து, விசைப்பலகையைப் பார்க்கும் நேரம் கூடிவிட்டது. பேசினால் எழுதித் தரும் மென்பொருளை இலத்திரனியல் மருத்துவப் பதிவேட்டுடன் சேர்த்துப் பயன்படுத்தலாமா?
– வைத்தியர் ஒருவர், சுன்னாகம்

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் பதிவேட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் அல்ல. நோயின் வரலாறு, பரிசோதனையில் கண்டவை, வைத்திய நிபுணருக்கு எழுதும் கடிதம், நோயாளி வீடு செல்லும்போது கொடுக்கும் சிகிச்சைச் சுருக்கம் என வசனம் வசனமாக எழுதவேண்டிய இடங்களில் குரல்வழிப் பதிவு உங்கள் கைகளுக்கு உண்மையான ஓய்வைத் தரும். மருந்தின் பெயர், அதன் அளவு, ஒவ்வாமை, ஆய்வுகூட முடிவுகள் ஆகியவற்றைப் பதிவேட்டிலுள்ள பட்டியலிலிருந்து தெரிவுசெய்து இடுவதே பாதுகாப்பானது. இந்த எல்லையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், இம்மென்பொருள்கள் விடும் பிழையின் தன்மையாகும். கையால் தட்டும்போது நேரும் பிழை பெரும்பாலும் எழுத்துப் பிழையாக இருக்கும். அது கண்ணில் படும், எழுத்துத் திருத்தியும் அதன்கீழ் சிவப்புக் கோடு இடும். குரலைக் கேட்டு எழுதும் மென்பொருளோ, கேட்ட ஒலிக்கும் அருகிலுள்ள சொற்களுக்கும் எது மிகவும் பொருந்தும் என்று கணித்து ஒரு முழுச் சொல்லை இடுகிறது. ஆகவே அது தவறும்போதும் எழுத்துப் பிழை இல்லாத, இலக்கணம் பிசகாத, ஆனால் நீங்கள் சொல்லாத ஒரு சொல்லே திரையில் நிற்கும். ‘ஹைப்பர்டென்ஷன்’ என்பது ‘ஹைப்போடென்ஷன்’ ஆனால் உயர் இரத்த அழுத்தம் தாழ் இரத்த அழுத்தமாகிவிடுகிறது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஹைட்ரலசீன் என்ற மருந்தும், அரிப்புக்குக் கொடுக்கப்படும் ஹைட்ரொக்சிசீன் என்ற மருந்தும் காதுக்கு மிக அண்மையானவை. ‘ஃபிஃப்டீன்’ என்று சொன்னது ‘ஃபிஃப்டி’ என்று விழுந்தால், இன்சுலின் 15 அலகுகள் 50 ஆகின்றன. ‘நெஞ்சுவலி இல்லை’ என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘நோ’ என்ற சிறு சொல் விடுபட்டால், இல்லாத நெஞ்சுவலி நோயாளிக்கு வந்து சேர்கிறது. எண்களைக் குரலால் சொல்லியே ஆகவேண்டுமென்றால், தொலைபேசியில் மருந்துக் கட்டளை கொடுக்கும்போது செய்வதுபோல, ‘ஒன்று, ஐந்து’ என இலக்கம் இலக்கமாகச் சொல்லி, பதிந்ததைத் திரையில் பாருங்கள்.

எந்த மென்பொருள் என்ற கேள்வியும் இதனுள் அடங்கியிருக்கிறது. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் எச் விசையையும் ஒன்றாக அழுத்தினால், சுட்டி நிற்கும் பெட்டி எதுவாயினும் அதில் பேசி எழுதலாம். இதற்கு இணைய இணைப்பு வேண்டும், மருத்துவத்துக்கெனத் தனியான சொற்றொகுதியும் அதில் இல்லை. மருத்துவச் சொற்களுக்கென உருவாக்கப்பட்டவற்றுள் டிராகன் மெடிக்கல் வரிசை பரவலாக அறியப்பட்டது. அதைத் தயாரித்த நியூவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசொஃப்ட் 2022 இல் வாங்கியது. எதை வாங்குவதாயினும், உங்களுடைய பதிவேட்டின் பெட்டிகளுக்குள் அது நேரடியாக எழுதுகிறதா என்பதை உங்கள் மேசையிலேயே சோதித்த பின்னர் பணம் செலுத்துங்கள். சில பதிவேடுகளில், குறிப்பாகத் தொலைவிலுள்ள சேவையகத்தில் இயங்குபவற்றில், வேறொரு பெட்டியில் பேசி, அங்கிருந்து ஒட்டவேண்டியிருக்கும். அவ்வாறு ஒட்டும்போது ஒருவருடைய குறிப்பு இன்னொருவருடைய பக்கத்தில் விழும் அபாயம் உண்டு.

கேள்வி: நான் உள்ளகப் பயிற்சி வைத்தியர். என் ஆங்கில உச்சரிப்பை மென்பொருள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. சொல் சொல்லாக நிறுத்தி, உரத்துப் பேசியும் பயன் கிடைக்கவில்லை.
– கோப்பாய் வாசகி

பதில்: நிறுத்தி நிறுத்திப் பேசுவதைக் கைவிடுங்கள். பழைய மென்பொருள்களுக்கு அது தேவைப்பட்டது. தொடர்ச்சியான பேச்சை ஏற்கும் டிராகன் நச்சுரலிஸ்பீக்கிங் 1997 இல் வெளிவந்த பின்னர் நிலைமை மாறிவிட்டது. இன்றைய மென்பொருள் அருகிலுள்ள சொற்களைக் கொண்டே ஒரு சொல்லை நிச்சயிப்பதால், முழு வசனத்தை மனத்தில் அமைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், ஒரே சீராகச் சொல்வதே நல்ல பலனைத் தரும். அமைப்புகளில் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பதிலாக இந்திய ஆங்கிலத்தைத் தெரிவுசெய்து பாருங்கள். எங்களுடைய உச்சரிப்புக்கு அது அண்மையானது. மடிக்கணினியில் உள்ள ஒலிவாங்கி, மின்விசிறியின் இரைச்சலையும் அடுத்த கட்டிலில் பேசுபவரின் குரலையும் சேர்த்தே வாங்கும் என்பதால், தலையில் அணிந்து வாயோரத்தில் வைத்துக்கொள்ளும் ஒலிவாங்கி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருளை மாற்றுவதைவிட ஒலிவாங்கியை மாற்றுவதே பல வேளைகளில் அதிகம் உதவுகிறது. நோயாளியின் பெயரையும் ஊரையும் குரலால் சொல்ல முயல வேண்டாம். மல்லாகமும் கட்டைவேலியும் அந்த மென்பொருளுக்குப் பழக்கமான பெயர்கள் அல்ல. அவை பதிவுப் பகுதியிலிருந்தே வரட்டும்.

ஒரு கட்டளைச் சொல்லைச் சொன்னதும் முழுப் பந்தியும் வந்து விழும் வசதியைப் பற்றியும், நீங்கள் கேட்காவிட்டாலும், சொல்லவேண்டும். ‘இருதயம், சுவாசம், வயிறு யாவும் இயல்பு’ என்ற பந்தியை அவ்வாறு அழைப்பது எளிது. ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்க்காத நோயாளியின் குறிப்பிலும் அது வந்து நிற்குமானால், அந்தப் பதிவு உண்மையல்ல. இரவுக் கடமையில் அதை நம்பிச் சிகிச்சை அளிக்கப்போகிறவர் உங்களோடு பணியாற்றும் இன்னொரு வைத்தியர் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: மருத்துவக் கடிதங்களைத் தட்டச்சுச் செய்வதே என் தொழில். இந்த மென்பொருள் வந்தால் எனக்கு வேலை இருக்குமா?
– நெல்லியடி வாசகர்

பதில்: உங்கள் வேலையின் வடிவம் மாறும், ஆனால் உங்களுடைய கண் தேவையற்றதாகிவிடாது. அமெரிக்காவின் இரு மருத்துவ அமைப்புகளிலிருந்து 217 குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வொன்று, மென்பொருள் எழுதிய மூலத்தில் நூறு சொற்களுக்கு 7.4 பிழைகள் இருந்தன என்றும், பயிற்சி பெற்ற தட்டச்சாளர் பார்த்துத் திருத்திய பின்னர் அது 0.4 ஆகக் குறைந்தது என்றும், வைத்தியர் ஒப்பமிட்ட பிரதியில் 0.3 ஆக இருந்தது என்றும் காட்டியது. பெரிய இறக்கம் எங்கே நிகழ்ந்தது என்று பாருங்கள்: திருத்துபவருடைய கையில்தான். ஆகையால் திருத்துவதை ஒரு திறமையாக வளர்த்துக்கொள்ளுங்கள். மருந்துப் பெயர்களையும் அவற்றின் வழமையான அளவுகளையும் படியுங்கள். பொருந்தாத இடத்தை நீங்களாகவே மாற்றாமல், குறியிட்டு வைத்தியரிடம் கேளுங்கள். வைத்தியர்களுக்கும் ஒரு சொல்: ‘சொல்லி எழுதப்பட்டது, வாசிக்கப்படவில்லை’ என்று கடிதத்தின் அடியில் குறித்துவிடும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. அந்த வரி நோயாளியை எந்த வகையிலும் காப்பாற்றாது. வாசிக்காமல் ஒப்பமிடுவது தவறு என்றே நான் கருதுகிறேன். மாலையில் இருபது குறிப்புகளை ஒன்றாக வாசிப்பதைவிட, நோயாளி எதிரே இருக்கும்போதே அவருடைய குறிப்பை வாசித்து முடிப்பது மேலானது. வலக் காலா இடக் காலா என்ற ஐயத்தை அவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மாவை ஒரு வைத்தியரிடம் காட்டினேன். அவர் அம்மாவின் வருத்தத்தைக் கணினிக்கு உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். திரைச்சீலைக்கு அப்பால் வேறு ஆட்கள் இருந்தார்கள். அந்தக் குரல் எங்கே போகிறது?
– பருத்தித்துறை வாசகி

பதில்: உங்கள் கவலை நியாயமானது. முதலில் அது அடுத்த இருக்கையில் இருந்தவரின் காதுக்குப் போயிருக்கிறது. அதைத் தடுக்க மூடிய கதவு ஒன்று போதும், அதை எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவதாக, மென்பொருள் இணையவழி இயங்குவதாயின், குரல் வேறெங்கோ உள்ள சேவையகத்துக்குச் சென்று எழுத்தாகித் திரும்புகிறது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்பு வகையில் சேர்த்து, கூடுதல் பாதுகாப்புக்கு உரியதாக வைத்திருக்கிறது. குரல் சேமிக்கப்படுகிறதா, எவ்வளவு காலத்துக்கு, மென்பொருளைப் பழக்குவதற்கு அது பயன்படுகிறதா என்று வைத்தியரிடம் தாராளமாகக் கேளுங்கள். தம் கைத்தொலைபேசியிலுள்ள இலவசச் செயலியில் நோயாளரின் விபரங்களைச் சொல்லும் வழக்கத்தை வைத்தியர்கள் கைவிடவேண்டும்.

குரல் வெளியே போகாமல் சொந்தக் கணினியிலேயே இயங்குபவையும் உள்ளன. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 இல் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் அவற்றுள் ஒன்று. ஆனால் அதற்கு வேறொரு குறை உண்டு: பேச்சு நின்று அமைதி நிலவும் இடங்களில், எவரும் சொல்லாத வசனங்களை அது தானாகவே எழுதிவிடுவதுண்டு. 2024 இல் வெளியான ஆய்வொன்று, சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில் இதைக் கண்டது. அறைக்குள் நடக்கும் உரையாடல் முழுவதையும் கேட்டுத் தானே குறிப்பு எழுதும் புதிய வகை மென்பொருள்களை எங்களுடைய சிகிச்சை நிலையங்களில் அவசரப்பட்டு நம்ப வேண்டாம் என்று நான் சொல்வதும் இத்தகைய குறைகளாலேயே. நோயாளி ‘நாரி நோகுது, சத்தியும் வருது’ என்று சொல்ல, வைத்தியர் பாதி ஆங்கிலத்தில் மறுமொழி கூற, பதிவு ஆங்கிலத்தில் அமைகிறது. இந்த மூன்று நிலைகளிலும் எது எங்கே பிசகியது என்று நோயாளியால் கண்டுபிடிக்க முடியாது. வைத்தியர் தாமே கேட்டு, தாமே ஆங்கிலத்தில் சொல்லிப் பதிந்து, பதிந்ததன் சாரத்தை அம்மாவுக்குத் தமிழில் ஒருமுறை சொன்னால், பிழை அங்கேயே பிடிபடும்.

கேள்வி: சிகிச்சை நேரத்தில் இணையமோ மின்சாரமோ நின்றுவிட்டால்?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: இணையவழி இயங்கும் மென்பொருள், இணைப்பு அறுந்ததும் எழுதுவதை நிறுத்திவிடும், பேசுபவர் அதைக் கவனிக்காமல் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே திரையைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள், ஒவ்வொரு பந்தி முடிந்ததும் சேமியுங்கள். மேசையில் கடதாசிப் படிவங்கள் எப்போதும் இருக்கட்டும். நோயாளியின் கையிலுள்ள கிளினிக் கொப்பியிலும் முக்கியமானதை எழுதிக் கொடுங்கள். பின்னர் கணினியில் ஏற்றும்போது, ஏற்றிய நேரத்தோடு, நோயாளியைப் பார்த்த உண்மையான நேரத்தையும் குறிப்பிடுங்கள்.