அல்சேஷன் நாய்க்கு மயிர் கொட்டினால் மொட்டை அடிக்கலாமா?

கேள்வி: விசுவமடுவில் ஆட்டுப்பட்டியும் கச்சான் தோட்டமும் வைத்திருக்கிறேன். காவலுக்கு மூன்று வயது அல்சேஷன் கலப்பு நாய் ஒன்று நிற்கிறது. அதன் மயிர் விறாந்தை, பாய் எல்லாம் ஒட்டிக் கிடக்கிறது. ஆடு குடிக்கிற தொட்டியிலும் மிதக்கிறது. பேரப்பிள்ளைக்கு முட்டு வருத்தம் வேறு. வெக்கைக்கும் நல்லது, மயிரை ஒட்ட வெட்டி விடு என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம் ஐயா. அல்சேஷன் சாதிக்கு மயிர் இரண்டு அடுக்கு. மேலே நீளமான, விறைப்பான மயிர். அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய மயிர். மேல் அடுக்குத்தான் வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. ஒட்ட வெட்டினால் தோல் எரியும். அடிப்பஞ்சு முதலில் முளைத்து, மேல்மயிர் பல மாதம் திட்டுத்திட்டாக வரும். சில நாய்களுக்குப் பழைய அழகு திரும்புவதே இல்லை. சோளகக் காற்றடிக்கிற நாளில் மொட்டை அடித்துக் கொண்டுவந்த ஒரு நாயைப் பார்த்திருக்கிறேன். முதுகு முழுக்கச் சிவந்து, தொட விடாமல் நின்றது. இன்றும் மனம் கேட்கவில்லை.

குளிர் நாடுகளில் இந்த நாய்கள் வருடத்துக்கு இரண்டு தரம், பகல் நீளம் மாறும்போது கொத்தாக மயிர் உதிர்க்கும். வன்னியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். அதனால் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விழும். இதை நிறுத்த மருந்தில்லை. விழப்போகிற மயிரை முன்னதாகவே நாங்கள் வாரி எடுத்துவிட வேண்டும்.

அதற்கு, வளைந்த சிறு கம்பிகள் உள்ள நாய்ப் பிரஷ் ஒன்று வேண்டும். கிளிநொச்சிப் பக்கம் போகும்போது விசாரித்து வாங்குங்கள். அதுவரை, றப்பர் கையுறையை நனைத்து உதறிவிட்டு, மயிர் போகும் திசையிலேயே தடவினாலும் நிறைய வரும். பின்னேரம் வேப்பமர நிழலில் பத்து நிமிடம் போதும். இடக்கையால் மயிரைத் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து படை படையாக வாருங்கள். கம்பி தோலைக் கீறக் கூடாது. தொடையின் பின்பக்கம், கழுத்து, வாலடி இந்த மூன்று இடத்திலும்தான் பஞ்சு அடைந்து கிடக்கும். முதல் சில நாள் கடகம் நிறைய வரும், பயப்படாதீர்கள். விடாமல் வாரினால் மூன்றாம் கிழமையில் விறாந்தையில் குறைவது தெரியும்.

குளிப்பாட்ட முன் வாரிவிடுங்கள். நனைந்த பஞ்சு திரண்டு சிக்காகும். மாதம் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை குளிப்பாட்டினால் போதும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் கூடவே கூடாது. அது தோலைக் காய வைத்து மயிரை இன்னும் கொட்ட வைக்கும். நாய்க்கான ஷாம்பு போட்டு நுரை போக அலசி, துவாயால் அடிமயிர் வரை துடையுங்கள். மாரியில் ஈரம் உள்ளே தங்கினால் புண் வரும், ஆகவே அந்த நாட்களில் குளிப்பாட்டுவதைக் குறைத்து வாருவதைக் கூட்டுங்கள்.

சரி, இது வெறும் உதிர்வா, வருத்தமா? வயிற்றுப் பக்கம் மயிரைப் பிளந்து பாருங்கள். தோல் வழுவழுப்பாக இருந்து, எங்கும் வெறும் திட்டு இல்லையென்றால் உதிர்வுதான். வாலடியில் மட்டும் மயிர் போய், நாய் அங்கேயே கடித்துக்கொண்டிருந்தால் தெள்ளாக இருக்கலாம். வாரும்போது விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், உள்ளே இரத்தம். வட்டத் திட்டு, செதில், நாற்றம், சொறி கண்டால் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சிலது பிள்ளைகளுக்கும் தொற்றும். கழிவு ஒயில் பூசுவதையும், பயிருக்கு அடிக்கிற நாசினியைக் கரைத்துத் தெளிப்பதையும் எங்கள் பக்கம் இன்னும் காண்கிறேன். நாய் நக்கும், நஞ்சு உள்ளே போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெறும் சோறும் குழம்பும் போட்டால் மயிர் மங்கிக் கொட்டும். அவித்த முட்டை, முள் எடுத்த சூடை மீன் கிழமையில் இரண்டு மூன்று நாள் சேருங்கள். வெங்காயம் வேண்டாம்.

பேரப்பிள்ளைக்கு மயிரை விட நாயின் தோல் பொடியும் எச்சிலுமே இழுப்பைக் கிளப்பக் கூடியவை. வாரும்போது பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டாம். படுக்கிற அறைக்குள் நாயை விடாதீர்கள். வைத்தியரிடமும் நாய் வளர்ப்பதைச் சொல்லுங்கள்.

தொட்டியில் மிதக்கும் மயிரால் ஆட்டுக்குப் பெரிய கெடுதி இல்லை, அள்ளி எறியுங்கள். நாயின் மலம் தீனியிலோ தண்ணியிலோ கலப்பதுதான் ஆபத்து. நாடாப்புழு முட்டை அந்த வழியாக ஆட்டுக்குப் போய் மூளையில் கட்டி வைக்கும். மூன்று மாதத்துக்கொருமுறை நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுங்கள். இறந்த ஆட்டின் தலையையும் குடலையும் நாய்க்குப் போடாதீர்கள்.

வாரி எடுத்த மயிரைக் காற்றில் விடாமல் தென்னம்பாத்தியில் புதையுங்கள். மெதுவாக உக்கும், தழைச்சத்து உண்டு. உண்ணி கிடந்தால் மட்டும் சவர்க்காரத் தண்ணியில் ஊறவிட்டுப் பிறகு புதையுங்கள்.