குடிமையியல் டீச்சருக்கு இரண்டு பயிற்சிகள் – கடிதம்

வணக்கம் ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை நான். சென்ற வாரம் வட்டார வள மையத்தில் குடிமையியல் கற்பித்தலுக்கு இரண்டு நாள் பயிற்சி. பவர்பாயின்ட், குழுவாக உட்கார்ந்து சார்ட் பேப்பரில் எழுதியது, கடைசியில் ஒரு கூகுள் படிவம். திரும்பி வந்து அதே பாடத்தை அதே மாதிரிதான் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு ரீல்ஸ் தவிர எதிலும் கவனம் இல்லை. தேர்தல், உள்ளாட்சி என்று கொஞ்சம் விரிவாகப் பேசினால் அரசு ஊழியருக்கு ஏன் அரசியல் என்று யாராவது கேட்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. அரசியலமைப்பை நன்றாக நடத்த எந்தப் புத்தகங்களைப் படிக்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

2011-ல் ஒரு வாக்குச்சாவடியில் நடந்ததைப் பற்றி எழுத உட்கார்ந்து, எழுத வராமல் நாலு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

ரீல்ஸை விடுங்கள். நம் காலத்தில் கிரிக்கெட் கமென்ட்ரி. அதைக் காரணம் சொல்லி எந்த ஆசிரியரும் தப்பிக்க வேண்டாம்.

பயிற்சிக்கு வருவோம். ஆண்டுக்கு 50 மணி நேரம் ஆசிரியர் பயிற்சி எடுக்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. மணிக்கணக்கில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. நான் கேட்பது வேறு. உங்களுக்கு அரசாங்கம் குடிமையியலில் இரண்டு விதமான பயிற்சி கொடுக்கிறது, அதில் ஒன்றைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? தேர்தல் பயிற்சியைத்தான் சொல்கிறேன். அங்கே யாரும் உங்களைச் சார்ட் பேப்பரில் எழுதச் சொல்வதில்லை. வாக்கு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட்டையும் பேலட் யூனிட்டையும் கையில் கொடுத்து மாட்டிக் காட்டுங்கள் என்கிறார்கள். வேட்பாளர்களின் ஏஜென்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, கூட்டிக் காட்டி, அழித்துவிட்டுத்தான் நிஜ வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். யாருக்குப் போட்டோம் என்று அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரியும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கிறீர்கள். தப்பு செய்தால் மெமோ வரும், ஊரே வாசலில் நிற்கும், அதனால் தூக்கத்திலும் படிவ எண் சொல்கிற அளவுக்குக் கற்றுக்கொள்கிறீர்கள். ஒரு ஜனநாயகம் எப்படி நடக்கிறது என்பதை இந்த நாட்டில் உங்களைப் போல் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? அதை வாக்குச்சாவடி வாசலிலேயே விட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

பத்து வருஷம் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தவன் நான். 2011 சட்டமன்றத் தேர்தலில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வாக்குச்சாவடி தலைமை அலுவலர். மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு பாட்டி வந்தார். முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பாட்டியின் பெயருக்கு அடியில் ஏற்கெனவே சிவப்புக் கோடு, பக்கத்தில் பெண் வாக்காளர் என்பதற்கான டிக். யாரோ காலையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டியின் இடது ஆள்காட்டி விரலில் மை இல்லை. அட்டையில் இருப்பது அவர் முகம்தான். கேட்ட கேள்விக்கெல்லாம், வீட்டுக்காரர் பெயர், தெரு, பக்கத்து வீடு, தயங்காமல் பதில் சொன்னார்.

டெண்டர்டு ஓட்டு. தமிழில் ஆய்வுக்குரிய வாக்கு. பயிற்சியில் சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. அச்சிட்ட வாக்குச்சீட்டை எடுத்து அதன் பின்புறம் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 17பி படிவத்தில் பாட்டியிடம் ரேகை வாங்கினேன். முத்திரையைக் கொடுத்து மறைவுக்கு அனுப்பினேன். மடித்துக் கொண்டுவந்து நீட்டியவர், "எல்லாரும் மிஷின்ல போடுறாங்க, எனக்கு மட்டும் ஏன் சீட்டு?" என்று கேட்டார். இதுவும் ஓட்டுதான் பாட்டி என்றேன். "இத எண்ணுவீங்கல்ல?" என்றார்.

அந்தச் சீட்டைப் போட்டு வைக்கும் உறையை வாக்கு எண்ணிக்கை அன்று பிரிக்க மாட்டார்கள். வழக்கு என்று ஒன்று வந்து நீதிமன்றம் சொன்னால்தான் உண்டு. எனக்கு அது நன்றாகத் தெரியும். "எண்ணுவாங்க பாட்டி" என்று சொன்னேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்பில் தேர்தல் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். 326ஆவது பிரிவு, வயது வந்தோர் வாக்குரிமை, 21 வயது 18 ஆனது 61ஆவது திருத்தம். பின்பெஞ்சில் ஒருவன் எழுந்து, "சார், ஒருத்தர் ஓட்டை இன்னொருத்தர் போட்டுட்டா என்ன சார் பண்ணுவாங்க?" என்று கேட்டான். அது பாடத்தில் இல்லை, உட்கார் என்றேன்.

இரண்டு மாதத்துக்கு முன்புதான் அதற்கான பதிலை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனாலும் அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அது பாடம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. எத்தனையோ பயிற்சிகளுக்குப் போனேன். தேர்தலில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், அதை எப்படிப் பாடமாக்கலாம் என்று பேசுவோம் என ஒரு கருத்தாளர்கூடக் கேட்டதில்லை. அறையில் இருந்த நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவர்கள்.

அதனால் உங்கள் பயம் என்னைக் கோபப்படுத்துகிறது அம்மா. நடத்தை விதிகள் சொல்வது என்ன? கட்சி வேலை பார்க்காதே, கட்சிக்கு ஏஜென்டாக உட்காராதே. டெண்டர்டு ஓட்டு என்றால் என்ன என்று பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது? விதியைப் படிக்காமலே விதிக்குப் பயப்படுகிற ஒருவர் குடிமையியல் நடத்தினால் பிள்ளைகள் பயத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பாடம் வந்ததே விசுவாசமான பிரஜைகளை உருவாக்கத்தான். பள்ளிப் பாடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இதை வெளிப்படையாகச் சொன்னது. அதன் பிறகுதான் என்சிஇஆர்டி 'சிவிக்ஸ்' என்ற பெயரையே கைவிட்டு 'சமூக, அரசியல் வாழ்வு' என்று நடுநிலை வகுப்புகளுக்குப் புத்தகம் போட்டது. நம் மாநிலப் புத்தகத்தில் வரலாறும் புவியியலும் முடிந்து அப்புறம்தான் குடிமையியல். பெரும்பாலான வருஷம் ஜனவரிக்கு மேல் ஓட்டமாக ஓடி முடிப்போம், உங்களுக்குத் தெரியாததா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு நாம் பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறோம். அதே ஊரில் அதே நாளில் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உள்ளாட்சி அமைப்புகள் பாடத்தை இத்தனை வருஷம் நடத்திய நான் ஒரு கிராம சபையில் உட்கார்ந்தது வேலையை விட்ட பிறகுதான். அங்கே கணக்கு வாசிக்கிற வேகத்தையும், ஒரு பெண் எழுந்து தண்ணீர் தொட்டியைப் பற்றிக் கேட்டதும் மேஜைக்குப் பின்னால் இருப்பவர்கள் குனிந்து காகிதம் புரட்டுவதையும் எந்தப் பவர்பாயின்டிலும் காட்ட முடியாது. இரண்டு நாள் பயிற்சியில் ஒரு நாளை இதற்குக் கொடுத்தால் போதும்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்குச்சாவடி தலைமை அலுவலர் கையேடு வீட்டில் எங்காவது கிடக்கும், இல்லாவிட்டால் கூட வேலை பார்ப்பவர் யாரிடமாவது இருக்கும். அதை எடுத்துப் படியுங்கள், வகுப்புக்கும் கொண்டுபோங்கள். பக்கத்தில் அரசமைப்பின் தமிழ்ப் பதிப்பு இருக்கட்டும். மற்றது அப்புறம் பார்க்கலாம்.

அடுத்த கிராம சபைக்கு, ஊராட்சிச் செயலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்காருங்கள். ஊர் மக்கள்தொகை 501-லிருந்து 3000-க்குள் என்றால் 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. தலையை எண்ணுங்கள், பதிவேட்டில் எத்தனை கையெழுத்து என்றும் பாருங்கள். இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்