வாழைத்தண்டு ஜூஸ் கிட்னிக்கு நல்லதுதானே?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. பிபிக்கு டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறார். போன வாரம் கிரியேட்டினின் 2.1, இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன்) 35, பொட்டாசியம் 5.7, ஹீமோகுளோபின் 9.2. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் தினமும் வாழைத்தண்டு ஜூஸும் இளநீரும் கொடுக்கிறோம். டயாலிசிஸ் வரை போய்விடுமா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: முதலில் அந்த இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. வாழைத்தண்டு, சிறுநீரகக் கல் இருப்பவர்களுக்குச் சொல்லும் வைத்தியம். அப்பாவுக்கு, நீங்கள் எழுதியதைப் பார்த்தால், சர்க்கரையால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருக்கிறது. அது வேறு, இது வேறு.

எல்லோரும் கிரியேட்டினினையே பார்த்துப் பயப்படுவார்கள். இந்த ரிப்போர்ட்டில் எனக்கு உறுத்துவது பொட்டாசியம்தான். சுமார் 5-க்குள் இருக்க வேண்டியது அது. மிகவும் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதுவரை ஆள் நன்றாகத்தான் தெரிவார். ஒரு டம்ளர் இளநீரிலேயே சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. நாளைக்கே டாக்டரிடம் காட்டி, ரத்தத்தைத் திரும்பப் பரிசோதித்து ஈசிஜியும் எடுங்கள். படபடப்போ, கை கால் தளர்ச்சியோ வந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். டெல்மிசார்ட்டானும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். ஆனால் சிறுநீரகத்தைக் காப்பதும் அதுதான், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் முடிவு செய்யட்டும்.

சமையலில் ஒரு விஷயம். உருளைக்கிழங்கு, கீரை, முருங்கைக்காய் எல்லாவற்றையும் குக்கரில் போட்டு அந்தத் தண்ணீரோடே சாம்பார் வைத்தால், இறங்கிய பொட்டாசியம் சாம்பாரிலேயே இருக்கும். காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், வேண்டாம். சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எப்போதாவது போதும்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் குறைவுக்குப் பேரீச்சம்பழம் கொடுக்காதீர்கள், அதிலும் பொட்டாசியம். ரத்தம் ஊறத் தேவையான எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சிறுநீரகம்தான் சுரக்கிறது, அது குறைந்திருக்கலாம். இரும்புச் சத்தைப் பரிசோதித்துவிட்டு, ஊசி தேவையா என்று டாக்டர் சொல்வார்.

டயாலிசிஸ்? இ.ஜி.எஃப்.ஆர் 35 என்பது சிறுநீரக நோயின் மூன்றாம் கட்டம். பொதுவாக 15-க்குக் கீழே போன பிறகுதான், அதுவும் உடம்பு படும் பாட்டைப் பார்த்துத்தான், அந்தப் பேச்சே வரும். பிபி, சர்க்கரை இரண்டும் கட்டுக்குள் இருந்தால் பல வருடங்கள் தள்ளிப் போகும், சிலருக்கு வராமலேயே போகும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்றும் கேளுங்கள். நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணிக்க அதுவும் வேண்டும்.