ஹோவெடோயாவில் அடைக்கப்பட்ட பாட்டியும் மாமியாரின் உரிமையும்

கேள்வி: என் கணவர் நோர்வே நாட்டவர். என் மாமியார் 1944இல் ஒஸ்லோவில், திருமணமாகாத தாய்க்கும் ஜேர்மன் படைவீரர் ஒருவருக்கும் பிறந்தவர். காலமாகிவிட்ட அந்தத் தாய் 1945இல் ஹோவெடோயாத் தீவு முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். அரசிடம் நட்டஈடு கேட்கலாமா? தந்தை யாரென்று அறியவும் அவர் சொத்தில் பங்கு கேட்கவும் மாமியாருக்கு உரிமை உண்டா?

பதில்: சகோதரி, தங்கள் கணவரின் பாட்டி குற்றவாளி அல்லர் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆக்கிரமிப்புப் படைவீரர் ஒருவரோடு உறவு கொண்டிருந்தது அன்றைய நோர்வேச் சட்டத்தில் குற்றமாக இருக்கவில்லை. ஆயினும் 1945 மே மாதம் நோர்வே ஜேர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து விடுதலை பெற்ற பின்னர், பால்வினை நோயைத் தடுப்பதற்கென்றும் ஊராரின் ஆத்திரத்திலிருந்து காப்பதற்கென்றும் காரணம் காட்டி, வழக்கோ தீர்ப்போ இன்றிப் பல பெண்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஜேர்மானியரை மணந்திருந்த பெண்களின் பிரஜாவுரிமையை அதே ஆண்டு ஆகஸ்டில் பிறப்பிக்கப்பட்ட தற்காலிக ஆணை, முன்னரே நடந்த திருமணங்களுக்கும் செல்லுபடியாகும் வகையில் பறித்தது. ஜேர்மன் பெண்களை மணந்த ஆண்களை அது தொடவேயில்லை. விசாரணையின்றி எவரையும் தண்டிக்கலாகாது என்ற அடிப்படை விதியை அரசே மீறியதென்று ஒப்புக்கொண்டு அன்றைய பிரதமர் எர்னா சூல்பர்க் மன்னிப்புக் கோரியது 2018 ஒக்டோபரில்தான். அதற்குள் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இறந்துபோயிருந்தார்கள் என்பது சட்டத்தரணியான என்னை இன்றும் வருத்துகிறது.

அந்த மன்னிப்பு வழக்குரிமை எதனையும் தரவில்லை. தங்கள் மாமியாரைப் போல ஜேர்மன் படைவீரருக்குப் பிறந்த போர்க்காலப் பிள்ளைகள் தொடுத்த வழக்கை, காலவரையறை கடந்துவிட்டதென்று ஒஸ்லோ நகர நீதிமன்றம் 2001இல் தள்ளியது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 2007இல் அவர்களின் மனுவை ஏற்க மறுத்தது. நாடாளுமன்றம் ஏற்படுத்திய 20,000 முதல் 200,000 குரோனர் வரையிலான கொடையும் பிள்ளைகளுக்கானதேயன்றித் தாய்மாருக்கானதன்று. எனவே பாட்டியின் பேரில் வழக்குத் தொடுத்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

சொத்தைப் பொறுத்தவரை, 1949 ஜூலை 1க்கு முன்னர் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் சொத்தில் பங்குண்டு என்ற ஜேர்மன் சட்டத் திருத்தம், 2009 மே 28க்குப் பின்னர் நிகழ்ந்த மரணங்களுக்கே பொதுவாகப் பொருந்தும். 1944இல் இருபது வயதாக இருந்தவருக்கு அந்த நாளில் 85 வயதாகியிருக்கும். ஆகவே தந்தை அதற்குப் பின்னரும் வாழ்ந்திருந்தாலன்றிப் பங்கு கிடைப்பது அரிது.

தந்தையை அறிவதில்தான் நம்பிக்கை இருக்கிறது. நாசிகளின் எஸ்எஸ் படை நடத்திய லேபன்ஸ்போர்ன் என்ற அமைப்பு, ஜேர்மன் படைவீரருக்கு நோர்வேயில் பிறந்த ஏறத்தாழ 8,000 பிள்ளைகளைப் பதிவு செய்தது. அக்கோப்புகள் ஒஸ்லோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பல கோப்புகளில் தந்தையின் பெயர் உண்டு. பெயர் கிடைத்தால், அவருடைய படைச்சேவை விபரங்களை பெர்லினிலுள்ள ஜேர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். ஒஸ்லோக் காப்பகத்துக்கான விண்ணப்பத்தில் மாமியாரே கையொப்பமிடட்டும். தம்மைப் பற்றிய கோப்பைக் கேட்கும் உரிமை அவருக்கே வலுவாக உள்ளது, அவருக்கோ எண்பது வயது கடந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழை இணையுங்கள். பாட்டியின் முகாம் பதிவு இருக்கிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.